தறி தின்ற பேச்சு

டாக்டரிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் பாவாயியின் பெரிய பயம். தலைக்குள் என்ன இருக்கிறதோ என்ற பயம்கூட அதற்கு அடுத்ததுதான். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் இரும்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்கிப் பார்த்தாள். காதிலிருந்து ஆரம்பித்தால் சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிடுவார்கள், தள்ளாட்டத்திலிருந்து ஆரம்பித்தால் பிரஷர் மாத்திரை கொடுப்பார்கள், இந்த இரண்டும் ஏற்கெனவே நடந்து முடிந்தவை. பேச்சு வருகிற சங்கதியிலிருந்து ஆரம்பித்தாலோ, மனநல டாக்டர் எந்த மாடியில் இருக்கிறார் என்று கைகாட்டிவிடுவார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனவள் அவள். கோர்வையாகச் சொல்ல யார் அவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? "உள்ளத உள்ளபடி சொல்லு புள்ள, போதும்" என்றான் புருஷன் சென்னியப்பன். அவளுக்குக் காது கேட்காத இடது பக்கமாக அவன் உட்கார்ந்திருந்ததால், அதையும் உதட்டைப் பார்த்துத்தான் அவள் புரிந்துகொண்டாள்.

டாக்டர் பர்வீன் பானு மூளை ஆபரேஷன் செய்கிறவர். மெலிந்த உடம்பு, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேஜையெல்லாம் தேடுகிற சுபாவம். அதைப் பார்த்ததும் பாவாயிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். பாவாயி தறியிலிருந்து ஆரம்பித்தாள்.

காவேரிக்கரையில் இருக்கிற சாத்தம்பாளையத்தில் பொழுது விடிவதும் பொழுது சாய்வதும் விசைத்தறிச் சத்தத்தில்தான். வீட்டுக்கு வீடு தறி, சந்துக்குச் சந்து பட்டறை, ஊடு நூலைச் சுமந்த நாடா இந்தப் பக்கமிருந்து பாய்ந்து அந்தப் பக்கம் அடித்து, அந்தப் பக்கமிருந்து பாய்ந்து இந்தப் பக்கம் அடித்து, அந்தச் சத்தத்துக்குள் ஒரு மனுசன் வாய்விட்டுச் சொன்னது எதிரில் நிற்கிறவனை எட்டாது. அதனால் அந்த ஊரில் பேச்சைக் காதால் கேட்பதில்லை, கண்ணால் பார்ப்பார்கள். எதிர்த்தறிக்காரி உதட்டை அசைத்தால், அவள் வீட்டுக் குழம்பில் உப்பு தூக்கலாகப் போனது முதற்கொண்டு இங்கே இருக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். பெண் கேட்பதும் உதட்டில்தான், சண்டை இழுப்பதும் உதட்டில்தான். காது போவது அங்கே ஒரு வியாதி இல்லை, முடி நரைக்கிற மாதிரி அதுவும் ஒன்று. ஆகவே பாவாயியின் இடது காது மங்கி, அதற்குள் ஓயாமல் ஒரு சீழ்க்கை கேட்டு, பிறகு அடியோடு அடைத்துப்போனபோது, அவளுக்கும் சரி வீட்டுக்கும் சரி அது ஒரு சேதியாகவே படவில்லை. தறி தின்றுவிட்டது என்றார்கள். தின்ற தறி ஒரு காதை மட்டும் ஏன் தின்றது, மற்றதை ஏன் விட்டுவைத்தது என்று சாத்தம்பாளையத்தில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. காதால் ஆகவேண்டிய காரியம் இருந்தால் அல்லவா தோன்றும்?

அப்புறம்தான் அது நடந்தது. கரண்ட் போய்ப் பட்டறை ஓய்ந்திருந்த ஒரு மத்தியானம், பக்கத்துத் தறி சின்னக்கிளி, பாவாயியின் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துவிட இடப்பக்கமாகச் சாய்ந்தவள், சாய்ந்தபடியே நின்றுவிட்டாள். பாவாயியின் காதுக்குள்ளிருந்து, எப்போதோ செத்துப்போன சின்னக்கிளியின் புருஷன் மாரப்பன், "கிளி, சோறு ஆறிப்போவுது, வந்து உண்ணு" என்று கூப்பிட்டான். அவன் அதே பட்டறையில் வேலை செய்து, அதே பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன். சின்னக்கிளி அழவில்லை, அலறவுமில்லை. கடைக்குப் போன ஆள் திரும்பிவிட்டதைச் சொல்வது போல, "அக்கா, அவரு உன்ற காதுக்குள்ள இருக்கறாரு" என்றாள்.

தறிச் சத்தம் விழுங்கிய பேச்சு எதுவும் வீணாகப் போகவில்லை, எல்லாம் பாவாயியின் இடது காதுக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று ஊருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அது எப்படி என்று யாரும் ஆராயவும் இல்லை. மழைத்தண்ணீர் எங்கேயாவது போய்த் தேங்கத்தானே வேண்டும் என்று விட்டுவிட்டார்கள். முதலில் பக்கத்து வீட்டார் வந்தார்கள், பிறகு அடுத்த சந்து வந்தது, பிறகு ஊரே வந்தது. தறிகளுக்கு நடுவே தொட்டில் கட்டிப் போட்டிருந்த தன் குழந்தை பாலுக்கு அழுது அழுது ஓய்ந்ததை, அந்தக் குழந்தைக்கு மீசை முளைத்துவிட்ட பிறகு வந்து கேட்ட ஒருத்தி, வீட்டுக்கு ஓடிப்போய் அவனை மடியில் சாய்த்துக்கொண்டு, அவன் கூச்சத்தில் நெளிய நெளிய விடமாட்டேன் என்று இருந்தாள். இன்னொருத்தன், பெண்டாட்டி தன் முகத்துக்கு நேரே உதட்டில் சிரித்துவிட்டு முதுகுக்குப் பின்னால் திட்டிய திட்டையெல்லாம் கேட்டு, அவளுடைய திறமையில் அப்படியே மயங்கி, அன்று முதல் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க ஆரம்பித்தான்.

பாவாயி வேலை செய்த பட்டறையின் முதலாளியும் கோயில் கமிட்டித் தலைவருமான பொன்னுரங்கம், கூட்டம் தெருவை அடைக்கிறது என்று பாவாயி வீட்டு வாசலில் தகரக் கூரை போட்டு, ஃபேன் மாட்டி, பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். ஆளுக்கு ஒரு பேச்சு, கேட்டதும் எழுந்துவிட வேண்டும், பிறத்தியார் பேச்சு வந்தால் காதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கமிட்டி ஒழுங்கு செய்தது. அந்த ஒழுங்கில் முதலாளிமார் எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி. அதற்கு ஊர்க்காது என்று பெயரும் வைத்தாகிவிட்டது. ஆடிப் பண்டிகையில் அம்மனுக்கு மாலை போட்ட கையோடு பாவாயியின் காதுக்கும் ஒரு முழம் கதம்பம் சுற்றினார்கள்.

இத்தனை பேச்சையும் வைத்திருந்த காதில் அவளுக்கு மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பட்டறையில் தறி ஓட்டிவிட்டு வந்து, மிச்சப் பொழுதெல்லாம் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, பிறத்தியார் அழுவதையும் சிரிப்பதையும் ஓரக்கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நடந்தால் உடம்பு இடது பக்கமாக இழுத்தது. இடது கன்னத்தில் மஞ்சள் பூசினால் வேறு யார் கன்னத்திலோ பூசுவது போல இருந்தது. காலையில் எழும்போதே தலை கனத்தது. அவளை ஈரோட்டில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனவன் சென்னியப்பன். சத்தமே நுழையாத ஒரு கண்ணாடி அறையில் உட்காரவைத்து, இரண்டு காதையும் தனித்தனியாகச் சோதித்துவிட்டு, அந்த டாக்டர் தலையை ஆட்டினார். தறி தின்றால் இரண்டு காதையும் சரிசமமாகத் தின்னும், ஒன்றை மட்டும் தின்பது தறியின் பழக்கம் இல்லை, இது வேறு என்று சொல்லிக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவைத்தார்.

இவ்வளவையும் பாவாயி சொல்லி முடித்தபோது டாக்டர் பர்வீன் பானு எழுந்து வந்து, குனிந்து, தன் காதை அவளுடைய இடது காதோடு வைத்துக்கொண்டார்.

"நாலஞ்சு பேர் ஒண்ணா பேசறாங்க. ஒருத்தர் இழை அறுந்துபோச்சுன்னு கத்தறார்" என்றார். பிறகு நிமிர்ந்து, "இதுக்கு என்கிட்ட மருந்து இல்லம்மா. ஆனா ஒரு பக்கம் மட்டும் காது போறது, தள்ளாட்டம், கன்னம் மரத்துப்போறது, இந்த மூணுக்கும் சேர்த்து ஒரு காரணம் இருக்கும். அதைத் தேடுவோம்" என்றார்.

ஸ்கேன் எடுக்கிற குழாய்க்குள் படுக்கவைத்து, சத்தம் பயங்கரமாக இருக்கும், பயப்படக் கூடாது என்று சொன்னார்கள். டக்டக்கென்று அது அடிக்க ஆரம்பித்ததும் பாவாயிக்குத் தறியடியில் இருப்பது போல இருந்தது, சுகமாகத் தூங்கிப்போனாள். எழுப்பித்தான் வெளியே எடுத்தார்கள்.

படத்தில் அது வெள்ளையாகத் தெரிந்தது, பெரிய நெல்லிக்காய் அளவுக்கு. காதிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பின் உறையில் முளைத்த கட்டி என்றார் டாக்டர். அபூர்வமாக வருவது, புற்றுநோய் இல்லை, வேறெங்கும் பரவாது, வருஷத்துக்கு ஒரு நூல் கனம்தான் வளரும், அவளுக்கே தெரியாமல் அது உள்ளே உட்கார்ந்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அப்படியானால் நல்ல கட்டிதானே என்று சென்னியப்பன் ஆசையோடு கேட்டான்.

"நல்ல கட்டிதான். ஆனா நல்லவங்க வந்து தங்கினாலும் வீட்டுல எடம் இருக்கணுமில்ல? மண்டைக்குள்ள எடம் இல்லீங்க."

சின்னதாக இருந்தால் தொடாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கதிர்வீச்சு வைத்து அடக்கலாம்; இது மூச்சை நடத்துகிற மூளைத்தண்டை நெருக்க ஆரம்பித்துவிட்டது, எடுத்தே ஆக வேண்டும். போன காது திரும்பாது. அதைவிடப் பெரிய விஷயம், முகத்தை அசைக்கிற நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, அது பழுதானால் வாய் ஒரு பக்கமாகக் கோணிவிடும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

பாவாயி தன் உதட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "வாய் கோணினா எங்கூர்ல நான் ஊமைங்க" என்றாள். உதட்டைப் பார்த்துப் பேசுகிற ஊர் என்பதை அவள் முதலிலேயே சொல்லியிருந்ததால் டாக்டருக்கு அது உடனே புரிந்தது. நரம்பில் ஒட்டியிருப்பதைப் பிடித்து இழுக்க மாட்டேன், தோல் மாதிரி ஒரு துளியை அதன் மேலேயே விட்டுவிடுவேன், பிறகு வருஷா வருஷம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்வோம் என்றார். பாவாயி அதற்குத் தலையாட்டினாள்.

ஊருக்குத் திரும்பி அட்மிஷனுக்குத் துணி எடுத்துவைக்கத் தொடங்கியதும் ஊர் கூடிவிட்டது. முதலில் பாசமாகத்தான் பேசினார்கள். மெல்ல வளர்கிற கட்டிதானே, இத்தனை வருஷம் சும்மா இருந்தது இன்னும் கொஞ்சம் இருக்காதா என்றார்கள். பிறகு, கத்தி வைத்தால் பிழைப்பது நிச்சயமில்லை என்றார்கள். பிறகு, ஊர்ச் சொத்தைத் தலைக்குள் வைத்துக்கொண்டு தன்னிஷ்டத்துக்கு அறுக்கப் போகலாமா என்றார்கள். ஆட்டோக்காரர்கள் அவள் கைகாட்டினால் வேறு பக்கம் பார்த்தார்கள். கமிட்டி ஆட்கள் முறைவைத்துக்கொண்டு தகரக் கூரையின் கீழ் பகலெல்லாம் உட்கார்ந்தார்கள். இவர்கள் சொல்வதுதான் சரியோ, படத்தில் தெரிந்தது கட்டிதானா, மயக்கம் தெளியாமலே போய்விட்டால் வீட்டில் அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட சென்னியப்பனுக்குத் தெரியாதே என்று அவளுக்கு ஒரு கவலை போனால் இன்னொரு கவலை. ஆனால் எடுத்துவைத்த துணியை மட்டும் அவள் திரும்ப அலமாரியில் வைக்கவில்லை.

ஊரைத் தாங்கிக்கொள்ள முடிந்தது, சின்னக்கிளியைத்தான் முடியவில்லை. அவள் வந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அவரு பேச்சு போயிருமேக்கா" என்றாள்.

"உள்ள நான் பேசின பேச்சு இருக்குதா, கேட்டுச் சொல்லு கிளி."

சின்னக்கிளி காதை வைத்து வெகுநேரம் கேட்டாள். "ஊரே இருக்குது. உன்றது மட்டும் இல்லியேக்கா."

"இருக்காது. நான் இன்னும் பேசி முடிக்கல" என்றாள் பாவாயி. சின்னக்கிளி முந்தானையை விட்டாள், ஆனால் சமாதானம் ஆகவில்லை.

கிளம்ப வேண்டிய அன்று காலையில் கோயில் வாசலில் மைக்செட் கட்டி ஊர்க்கூட்டம் போட்டார்கள். பொன்னுரங்கம் மைக்கைப் பிடித்து, மென்மையான குரலில், இந்தக் காது அம்மன் கொடுத்தது, பாவாயி நம் வீட்டுப் பெண், அவளுக்கு ஒரு குறையும் வராமல் ஊர் பார்த்துக்கொள்ளும் என்றெல்லாம் பேசினார். பேசிவிட்டு, "வா அம்மணி, ஊருக்குக் கட்டுப்பட்டு இருக்கறேன்னு ஒரு வார்த்தை நீயே சொல்லிரு" என்று வழிவிட்டார்.

பாவாயி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து மேடைக்குப் போனாள். கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும், அதனால் பார்க்கவில்லை. வாயைக் கொண்டுபோக வேண்டிய இடத்தில் தலையைச் சாய்த்து, இடது காதை மைக்கோடு ஒட்டிவைத்தாள்.

ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தது. பிறகு ஊர் முழுக்கப் பொன்னுரங்கத்தின் குரல், இன்றைய மென்மை இல்லாத பழைய குரல், எல்லாக் கூரைக்கும் மேலே போய்க் கேட்டது.

"மாரப்பன் சாஞ்சா சாயறான், ஓரமா இழுத்துப் போடு. தறிய நிறுத்தாத. பாவு நூலு ஓடி முடியட்டும், அப்பறம் ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

கூட்டம் சின்னக்கிளியைத் திரும்பிப் பார்த்தது. ஆளுக்கு ஒரு பேச்சு என்ற ஒழுங்கினால் சின்னக்கிளி எப்போதும் சோற்றுக்குக் கூப்பிட்டதோடு எழுந்து போயிருக்கிறாள். அதற்கு அடுத்ததை அவள் கேட்டதே இல்லை. பாவாயியின் குரலைத் தேடிக் கேட்ட அன்றுகூட, ஊர்க்குரல்களுக்குள் இது அவளுக்குத் தனியாகப் பிடிபடவில்லை. ஒலிபெருக்கியில் வேறு யாருடைய தொண்டையோ செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தது. பாவாயி காதை எடுத்துக்கொண்டாள். இப்போது அவளால் கூட்டத்தைப் பார்க்க முடிந்தது.

"இன்னும் நெறைய இருக்குது. எல்லாரோடதும் இருக்குது. உள்ள இருக்கறது எனக்குக் கேக்காது, நீங்க வேணும்னா இருந்து கேளுங்க. இல்லீன்னா வழிய விடுங்க. பேச்சு உங்களுது. தலை என்னுது."

யாரும் இருந்து கேட்க விரும்பவில்லை. கமிட்டிக்காரர் ஒருத்தர் அவசரமாக ஒயரைப் பிடுங்கினார். பாதிப் பேருக்கு வீட்டில் அடுப்பில் ஏதோ வைத்தது ஞாபகம் வந்துவிட்டது. இன்றைக்கே போய்விட்டு வருவதுதான் நல்லது என்று பலர் யோசனை சொன்னார்கள். சின்னக்கிளி பொன்னுரங்கத்தின் முன்னால் போய் நின்று, அவர் தலை குனியும்வரை அவரைப் பார்த்தாள். பிறகு பாவாயியின் துணிப்பையைச் சென்னியப்பன் கையிலிருந்து வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து முன்னால் நடந்தாள்.

ஆபரேஷன் காலையில் ஆரம்பித்துப் பொழுது சாயும்வரை நடந்தது. காதுக்குப் பின்னால் மண்டையில் ஒரு சின்ன வாசல் வெட்டி, பெரிதாக்கிக் காட்டுகிற கருவி வழியே பார்த்துக்கொண்டு, கட்டியை முதலில் உள்ளுக்குள்ளேயே குடைந்து, பிறகு ஓரத்தை நரம்பிலிருந்து இழை இழையாகப் பிரித்து எடுத்தார்கள். முகத்து நரம்பைக் கருவி தொட்டால் கிணுகிணுவென்று எச்சரிக்கிற இயந்திரம் ஒன்று பக்கத்தில் இருந்தது. அது கிணுகிணுக்கும்போதெல்லாம் டாக்டரின் கை நின்றது. குடையக் குடையப் பேச்சு வெளியே வந்தது. தறிப்பஞ்சு போல அது அறையில் பறந்து, எல்லார் முகக்கவசத்திலும் ஒட்டியது. சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலும், குழந்தை அழுகிற குரலும், நூல் கேட்கிற குரலும் கொஞ்சநேரம் அங்கே சுற்றிவிட்டு ஏசி ஓட்டை வழியே போயின. மயக்க மருந்து டாக்டர் இரண்டு தடவை தும்மினார். கத்தரி கொடுக்கிற நர்ஸ், எல்லாம் முடிந்ததும் கீழே விழுந்து கிடந்ததைக் கூட்டி அள்ளிப் போட்டாள். கடைசித் துளி நரம்பைவிட்டு வரவில்லை. டாக்டர் பர்வீன் பானு அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு சொன்ன வாக்குப்படி அதை அங்கேயே விட்டுவிட்டு மூடினார்.

கண் விழித்தபோது பாவாயியின் வாய் வலப்பக்கம் இழுத்திருந்தது. இடது கண் மூடவில்லை. நரம்பு முழுசாகத்தான் இருக்கிறது, அதிர்ந்திருக்கிறது, மெல்லத் தெளியும் என்றார் டாக்டர். கண்ணுக்குச் சொட்டு மருந்தும், முகத்துக்குக் கண்ணாடி முன் உட்கார்ந்து செய்கிற பயிற்சியும். ஆ என்றும் ஈ என்றும் ஊ என்றும் அவள் கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள். எதிரில் உட்கார்ந்து உதட்டைப் படித்துப் பார்த்த சின்னக்கிளி, "ஒண்ணும் வெளங்கல, மறுபடியும்" என்று விரட்டினாள். முதலில் வெளங்கிய சொல் சின்னக்கிளிக்கு வந்த ஒரு வசவு. இரண்டு பேரும் சிரித்தார்கள், பாவாயி பாதி முகத்தால்.

முகம் ஏறக்குறைய நேரானதும் அவள் தறிக்குத் திரும்பினாள். அவளை வேலையைவிட்டு நிறுத்தப் பொன்னுரங்கத்துக்கு ஆசைதான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆனால் உள்ளே ஒரு துளி மிச்சமிருக்கிற சேதி எப்படியோ ஊருக்குள் வந்துவிட்டது. துளி இருந்தால் வளரும், வளர்ந்தால் மறுபடி பேசும் என்று சனங்கள் கணக்குப் போட்டார்கள். மைக்கில் கேட்டதை மறந்து, சோற்றுக்குக் கூப்பிடுகிற குரல்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, பாலும் நெய்யும் நாட்டுக்கோழி முட்டையும் கொண்டுவந்து, நல்லா சாப்பிடு பாவாயி, உடம்பைப் பார்த்துக்கோ என்றார்கள். அவர்கள் கண் அவள் காதுக்குப் பின்னால் இருக்கிற தழும்பில் இருந்தது. அவள் முந்தானையை இழுத்துத் தழும்பை மூடிக்கொண்டாள். துளி வளராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டால், ஸ்கேனுக்கு வந்துவிடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஸ்கேனுக்குப் போவாள். ஆனால் அந்தத் துளிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று டாக்டருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

அன்று பட்டறையில் எல்லாத் தறியும் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருந்தபோது பொன்னுரங்கம் வாசலில் வந்து நின்று, கையை நீட்டி நீட்டி என்னமோ கத்தினார், அத்தனையையும் தறிச் சத்தம் விழுங்கியது. எல்லாரும் அவர் உதட்டைப் படிக்கத் திரும்பினார்கள். பாவாயி திரும்பவில்லை. தறியை விட்டு இறங்கி, சுவரோரமாகப் போய், மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். தறிகள் ஒவ்வொன்றாக இளைத்து நின்றன, நாடாக்கள் போன பக்கத்திலேயே கிடந்தன, பட்டறைக்குள் ஆட்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவள் சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்பச் சொல்லுங்க மொதலாளி."